கதிரேசன் தேதியை மறக்கவில்லை

செய்தி எனக்குப் படமாக வந்தது. கொச்சியில் காலை விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு கைபேசியைத் திறந்தேன். உப்பூர் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைப் படம் எடுத்து என் மச்சினன் அனுப்பியிருந்தான். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் வெள்ளைச் சீருடையில் கதிரேசன். அவனுக்குக் கீழே, அவன் முகத்தைவிடப் பெரிய எழுத்தில், கேப்டன் கதிரேசன். சீருடையின் தோளில் மூன்று பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. கேப்டனுக்கு நான்கு. படமும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்பது பேனர் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"இன்னாலில்லாஹி" என்று வாய் சொன்னது. மனம் மட்டும் அந்தக் 'கேப்டன்' என்ற சொல்லோடு சண்டைக்கு நின்றது. பிறகுதான் மச்சினனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் மிளகாய்க் கொல்லையில் தகப்பனாரோடு நின்றுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கார் தேவிபட்டினத்தைத் தாண்டும் முன்னே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தைந்து. அன்று மத்தியானம் என் பெயரில் இன்னொரு விமானம் இருந்தது. மாற்று ஆள் இல்லை என்றார்கள். ஓட்டினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சுடுகாட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

அவனோடு பறந்தவர்களும், அவன் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு வரவில்லை. பதினாறு வருஷம் 'டேய்' என்று கூப்பிட்டவனைத் திடீரென்று மரியாதையாகக் கூப்பிட்டால் அவனே எழுந்து வந்து கேலி செய்வான். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் மேல். மீதி என் மேல்.

நாங்கள் சந்தித்தது சென்னையில், இரண்டு விசிறி வைத்த சின்ன விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில். இருவரும் துணை விமானிகள். நான் கீழக்கரைக்காரன், வாப்பா துபாயில் இருந்ததால் அமெரிக்காவில் போய்ப் பறக்கப் படித்து, இரண்டு வருஷம் அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு வந்தவன். அவன் உப்பூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, இங்கேயே படித்தவன். முதல் நாள் கேன்டீனில் என் ஊரைக் கேட்டான். சொன்னேன்.

"அப்ப சொந்தந்தேன். எங்க ஊரு ஆடெல்லாம் உங்க ஊரு பிரியாணிக்குத்தேன் வருது. சம்பந்தி முறை. நீ எனக்கு மாப்ள" என்றான்.

அன்றிலிருந்து நான் மாப்ள, அவன் மச்சான். பல்லாவரத்தில் ஒரு மாடி வீட்டை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். நோன்பு நாட்களில் எனக்காக அலாரம் வைத்து எழுந்து தேங்காய்ப்பால் கஞ்சி காய்ச்சியவன் அவன். ருசி சொல்லும்படி இருக்காது.

துணை விமானி கேப்டன் ஆவதற்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எழுத்துத் தேர்வு: வழிகாணல், வானிலை, வானொலிக் கருவிகள். அதில் தேறினால் மட்டும் போதாது. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பங்கை, ஒரு பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நாமே தலைமை விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். இவ்வளவையும் முடித்து உரிமத்துக்கு விண்ணப்பிக்க, தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் கெடு. தாண்டினால் எழுதித் தேறியது எழுதாததற்குச் சமம். மாத்திரை அட்டையில் தேதி போட்டிருப்பது போலத்தான்.

கதிரேசன் மூன்று தாளையும் ஒரே தடவையில் தேறினான். நிறுவனத்தில் அப்போது அது பெரிய பேச்சு. வானிலைத் தாளில் அவனை அடிக்க ஆள் இல்லை. அக்டோபர் மாத மேகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இது தண்ணி இல்ல மாப்ள, சும்மா பந்தா" என்பான். சொன்னபடியே இருக்கும். படித்ததை மறந்துவிடுவோமோ என்று நான் கவலைப்பட்டால் சிரிப்பான். "வானம் ஒண்ணும் சிலபஸ் மாத்தப் போறதில்ல" என்பான்.

நான் அதே வருஷம் தேர்வு எழுதினேன். அமெரிக்காவில் பறந்த மணிகள் கையில் இருந்ததால், முடிவு வந்த சில மாதங்களில் உரிமம் வாங்கிவிட்டேன். வேறொரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து கேப்டனும் ஆனேன். என் தேர்வு முடிவு எத்தனை நாள் செல்லும் என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதிரேசனுக்கு மிச்சம் இருந்தது அந்தக் கண்காணிப்பு மணிகள்தான். அதற்கு நிறுவனம் பயிற்சிக் கேப்டன் ஒருவரை அவனோடு போட வேண்டும். யார் எந்த விமானத்தில் போவது என்று ரோஸ்டர் போடும் அதிகாரி தேனாகப் பேசுவார். "அடுத்த மாசம் பாத்துடலாம் கதிர்." அந்த அடுத்த மாசம் நாலு வருஷம் வந்துகொண்டே இருந்தது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. பொங்கலுக்கு யாருக்கு லீவு இல்லை? கதிரேசனுக்கு. காலையில் ஒருவன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? கதிரேசனை. இல்லை என்று சொல்லத் தெரியாத துணை விமானி ஒருவன் கிடைத்துவிட்டால் அவனைக் கேப்டன் ஆக்கி இழக்க எந்த முட்டாள் முன்வருவான்? "ரோஸ்டர்ல எல்லாரு பேரையும் பென்சில்ல எழுதுறாய்ங்க. எம்பேர மட்டும் அச்சடிச்சு வச்சிருக்காய்ங்க" என்று அவனே சொல்வான். சிரித்துக்கொண்டு சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாவது வருஷக் கடைசியில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வடக்கே ஒரு சின்ன நிறுவனம். சம்பளம் குறைவு, ஊர் தூரம். ஆனால் சேர்ந்த மாசத்திலிருந்தே அந்த மணிகளைத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரம் இரண்டு பேருக்கும் லீவு. மதுரையில் இறங்கி, ஒரே காரில் ஊருக்குப் போனோம். பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். கையில் கண்ணாடி கிளாஸோடு கேட்டான்.

"மாப்ள, அந்தப் பரீட்ச ரிசல்ட்டுக்குத் தேதி இருக்குல்ல. அது முடிஞ்சுபோனா என்ன ஆகும்? அதுக்காகவாவது வடக்க போயிரவா?"

நான் டீயை ஊதிக்கொண்டே பதில் சொன்னேன். "அது வேலையில்லாம வீட்ல இருக்கவனுக்கு மச்சான். நீ கம்பெனில பறந்துக்கிட்டு இருக்க. வேலைல இருக்குற பைலட்டுக்கு அது செத்துப்போகாது. தேதி தாண்டுனாலும் செல்லும்."

"உறுதியாவா?"

"அமெரிக்காவுலயே படிச்சவன்கிட்டக் கேக்குறியே."

"சரி, அப்ப இங்கனயே இருக்கேன். அய்யாவுக்கும் முடியல. வடக்க போனா நெனச்ச நேரம் வர முடியாது" என்றான். நிம்மதியாக இன்னொரு டீ சொன்னான். எனக்கும் சேர்த்து.

நான் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு சலுகை, சில நிபந்தனைகளோடு, உண்டு. விமான நிறுவனத்தில் வேலையில் இருக்கும் விமானிக்குத் தேர்வு முடிவின் காலம் கடந்தாலும் அது செல்லும். நம் நாட்டில் அது கிடையாது. இங்கே பறந்துகொண்டிருப்பவனுக்கும் பாயில் படுத்திருப்பவனுக்கும் ஒரே கெடுதான். எங்கள் தொழிலில் எதையும் ஞாபகத்திலிருந்து செய்யக் கூடாது என்று அடித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆயிரம் தடவை தொட்ட விசையைக்கூட ஒருவன் பட்டியலைப் பார்த்து வாசிக்க, மற்றவன் பார்த்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான் விமானம் நகரும். ஆனால் சட்டம் என்று வந்தால் மட்டும் எங்கள் ஆட்கள் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். பக்கத்து விமானியைக் கேட்பார்கள். அவன் வெளிநாட்டில் படித்தவனாக இருந்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. நானும் அப்படித்தான் திமிராக ஒரு பதிலைச் சொன்னேன்.

கெடு முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் நிறுவனம் மனது வைத்து அவனுடைய மணிகளை முடித்துக் கொடுத்தது. விண்ணப்பித்தான். திரும்பி வந்தது. தேர்வு முடிவு காலாவதி என்று ஒரே ஒரு வரி. அன்று காலைகூட அவன் தூத்துக்குடிக்குப் போய்விட்டு வந்திருந்தான். ஐம்பது அறுபது பேரைப் பத்திரமாக இறக்கிவிட்டவனுக்கு, வழிகாணத் தெரியும் என்பதற்கான தாள் மட்டும் செத்துப்போயிருந்தது.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். நடக்கவே நடக்காது, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று கத்தினேன். கத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த விதியைத் தேடிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். தப்பு நடந்தது பரமக்குடியில் என்று தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டு, "மச்சான், நான் சொன்னதாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடு மாப்ள" என்றான். "கேட்டது நானு. பாத்திருக்க வேண்டியதும் நானு. திரும்ப எழுதிக்கிருவோம்."

வீட்டில் என்ன சொன்னான் என்பது எனக்குப் பல மாதம் தெரியாது. சித்திரையில் அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள், என்னைக் கூப்பிட்டிருந்தான். எனக்கென்று தனியாக எங்கள் ஊர் ஆளை வைத்து அறுத்துச் சமைக்கச் சொல்லியிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் அய்யா ஆரம்பித்தார்.

"நீயாவது கேளு தம்பி. வெதைக்கிற நாளு, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளு, கூட்டுறவு பாங்கில கெடு, ஒண்ணாவது நான் மறந்திருக்கேனா? நான் அஞ்சாப்பு. ஏரோப்ளான் ஓட்டுறவனுக்கு ஒரு தேதி பாக்கத் தெரியல. மறந்துட்டேன்னு சொல்றான். வெக்கமில்லாம சொல்றான்."

பந்தலில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதிரேசனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஏலே, மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்கடா" என்று பரிமாறியவர்களிடம் சொன்னான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். கறியைச் சாப்பிடத்தான் திறந்தேன்.

அடுத்த வருஷம் நித்யா கேப்டன் ஆனாள். கதிரேசனுக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் நாள் இடது இருக்கையில் உட்கார்ந்தபோது வலது இருக்கையில் அவன். அவன் இறந்த மறுநாள் அவளே என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னாள். "எனக்குக் கூச்சமா இருந்துச்சு சார். அண்ணே, இது நீங்க உக்கார வேண்டிய சீட்டுன்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டு, 'அம்மா, சீட்டு மாறுனா ரன்வே மாறாது. நீ லிஸ்ட்டை வாசிக்கச் சொல்லு, நான் வாசிக்கிறேன்'னு சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல." போனில் அவள் அழுதாள். நான் ஆறுதலாக எதையோ சொன்னேன்.

திரும்ப எழுதிக்கிருவோம் என்று அவன் சொன்னது லேசான வேலை இல்லை. வாரத்தில் ஆறு நாள் பறக்கிறவன் நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஒரு தடவை நுழைவுச்சீட்டு வந்தது. தேர்வன்று காலை அவனைக் கோயம்புத்தூருக்குப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "எக்ஸாம் திரும்ப வரும் கதிர், பாசஞ்சர் வர மாட்டான்" என்றாராம் தேனாகப் பேசும் அதிகாரி. போனான். நான் அவனைத் திட்டினேன். படுத்துக்கொள்ள வேண்டியதுதானே, காய்ச்சல் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். "ஒடம்பு நல்லாருக்கையில பொய் சொல்லி, பெறகு நெசமா வந்துட்டா யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றான். மனிதர்களில் இப்படியும் ஒரு ரகம். இந்த ரகத்தை எல்லா நிறுவனங்களும் ரொம்ப விரும்பும்.

இந்த வருஷம் ஒருவழியாக மூன்று தாளையும் எழுதினான். எழுதிவிட்டு வெளியே வந்து கூப்பிட்டான். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னான். கண்காணிப்பு மணிகள் ஏற்கெனவே முடிந்திருந்தன. முடிவு வந்தால் விண்ணப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. பத்து நாள் லீவு போட்டு, மிளகாய்ப் பழம் பறிக்கும் சமயம் என்று ஊருக்குப் போனான். போன ஐந்தாம் நாள்தான் அந்தச் சாயங்காலம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் கிளம்பிய பிறகு அவன் மனைவி வசந்தி அவனுடைய கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, ரிசல்ட்டு வந்துருச்சுன்னு இதுல என்னமோ வந்து கெடக்கு. எனக்குத் தொறக்கத் தெரியல. பாத்துச் சொல்லுங்க."

திறந்தேன். மூன்று தாளிலும் தேர்ச்சி. வானிலையில் தொண்ணூற்றுக்கு மேல். சொன்னேன். அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"பாசா தம்பி?"

"எல்லாத்துலயும் பாஸ் அய்யா."

"இது எத்தன வருசத்துக்குச் செல்லும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இப்போது சரியான பதில் இருந்தது. "அஞ்சு வருசத்துக்கு அய்யா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "போன தடவ மாதிரி விட்டுற மாட்டான். இந்தத் தடவ நான் விட மாட்டேன். ரிசல்ட்டு வந்த அன்னைக்கே தேதியக் காலண்டர்ல எழுதிருடான்னு சொல்லி வச்சிருந்தேன். மறதிக்காரப் பய."

சொல்லிவிட்டேன். பரமக்குடி, டீக்கடை, அவன் கேட்டது, நான் சொன்னது, அமெரிக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மறக்கவில்லை அய்யா, கேட்டான், நான்தான் தப்பாகச் சொல்லிக் கெடுத்தேன் என்றேன். வடக்கே வேலை வந்ததையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது. தம் உடம்பை நினைத்து மகன் இங்கேயே தங்கியதும் தெரியாது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாலு வருசமா அவன ஏசிக்கிட்டே இருந்தேனே தம்பி. அன்னைக்கிச் சாயங்காலம், கொல்லையில நிக்கிறப்பங்கூட அதத்தேன் சொல்லி ஏசுனேன்."

நண்பர்களே, கதிரேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால், அந்த நாலு வருஷத்து ஏச்சுத்தான். எனக்கு விழ வேண்டியது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது என் பக்கம் திரும்பியிருக்கும். கடைசி நாள்வரை அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இனி உங்களில் யாராவது அவனைப் பற்றிப் பேசும்போது, நல்ல விமானி, பாவம், தேதியை மறந்து கேப்டன் ஆகாமல் போனான் என்று சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். தேதி அவனுக்கு ஞாபகம் இருந்தது. கீழக்கரை சாகுல் என்று ஒருவன் இருக்கிறான், அவனை நம்பினான்.